சொன்னதைச் சொன்னபடி

கலிஸ்ரா மாமியைப் பொய்க்காரி என்று எங்கள் கரையில் இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். பொய் சொன்னவர்தான், இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். பத்து வருடமாக அவர் சொன்ன பொய்களை என்னால் ஒரு கொப்பி நிறைய எழுத முடியும். ஆனால் எந்தப் பொய்க்காக ஊர் அவரை ஒதுக்கி வைத்ததோ, அதை அவர் யாருக்காகச் சொன்னார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒன்றரை வருடமாக வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

என் பெயர் கம்சா. முல்லைத்தீவில், கடற்கரைக்குப் போகும் வீதியில் சின்னதாக ஒரு கொமினிக்கேசன் வைத்திருக்கிறேன். ரீலோட், போட்டோக்கொப்பி, விண்ணப்பம் நிரப்புவது, அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது. ஒருவர் ஒரு கடதாசியைத் தந்தால் அதில் உள்ளது உள்ளபடி மற்றக் கடதாசியில் விழ வேண்டும். கோணலாக விழுந்தால் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எடுப்பேன். என் குணமும் அப்படித்தான். அந்தக் குணத்தில் எனக்கு ஒரு காலத்தில் பெருமை வேறு.

கலிஸ்ரா மாமி எங்களுக்குச் சொந்தம் இல்லை. மூன்று வளவு தள்ளி இருப்பவர். காலையில் வள்ளங்கள் வந்ததும் கரையில் மீன் வாங்கி, சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டி, முள்ளியவளைப் பக்கம் கொண்டுபோய் விற்பார். எந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் எடுக்க மாட்டார்கள், எந்த வீட்டில் மாமியாருக்குத் தெரியாமல் எடுப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நெருங்கினால் அந்தப் பக்கம் முழுக்க மரக்கறிதான். அந்த நாட்களில் கரையில் இருந்து கருவாடு காயப்போடுவார்.

அவருடைய கணவர் அந்தோனிதாசன், 2009 மே மாதம் சண்டை முடிந்தபோது ஆமிக்காரரால் ஒரு பஸ்ஸில் ஏற்றப்பட்டவர். அதன் பிறகு அவரைக் கண்டவர்கள் இல்லை. மாமி எழுதாத கடிதம் இல்லை, ஏறாத படி இல்லை. வந்த பதில் எல்லாம் ஒன்றுதான்: அப்படி ஒரு பெயர் பதிவில் இல்லை. ஒருநாள் அந்தக் கடிதம் ஒன்றைக் கொப்பி எடுக்க என் கடைக்கு வந்தவர், "இல்லையெண்டு சொல்லுறதெண்டாலும் பிள்ளை, ஒரு கதிரையைப் போட்டு இருத்திப்போட்டுச் சொல்லலாம்தானே" என்றார். நான் கவனிக்கவில்லை. கொப்பி இரண்டா மூன்றா என்று கேட்டேன்.

சொல் கொண்டுபோகும் வேலை அவருக்கு, சண்டை முடிந்து சனத்தை அடைத்து வைத்த முகாமில் தொடங்கியது. முட்கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் அதே குடும்பத்தின் மிச்சம். தண்ணீர் பவுசர் வரும் நேரம் இரண்டு பக்கத்துச் சனமும் கம்பியடிக்கு வரும். மாமிக்குப் பெரிய குரல். பெயரைக் கொடுத்து விசாரிக்கச் சொல்வார்கள். ஒரு தாய்க்கு மகன் செத்ததைச் சொல்ல வேண்டி வந்தபோது முதல் நாள் காயமாம் என்றாராம். அடுத்த நாள் பெரிய காயமாம் என்றாராம். மூன்றாம் நாள் அந்தத் தாயே கம்பிக்குள்ளால் மாமியின் கையைப் பிடித்து, "எனக்கு விளங்குது தங்கச்சி, இனிச் சொல்லாதை" என்றாராம். மாமி இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நான் கேட்டதற்குச் சொன்னார்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த வேலை அவரை விடவில்லை. கோபித்துக்கொண்டு கதை பேச்சில்லாமல் இருக்கும் வீடுகள் எங்கள் கரையில் எப்போதும் நாலைந்து உண்டு. கதை நின்றாலும் அலுவல் நிற்காதே. எல்லை வேலி அடைக்க வேண்டும், செத்தவர்களின் ஆண்டுப் பூசைக்குப் பெயர் கொடுக்க வேண்டும். அதற்கெல்லாம் நடுவில் கலிஸ்ரா மாமிதான். அந்த வீடுகளில் ஒன்று எங்கள் வீடு.

எங்கள் வீட்டுக் கோபம் என்னுடைய கலியாணத்தில் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். புருஷனும் பெண்சாதியும் சோடியாகப் படலை திறந்து போய், இருந்து, தேத்தண்ணி குடித்து, "கட்டாயம் வந்திட வேணும்" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். கார்ட் என்பது அதற்குப் பிறகுதான். அப்பா, பெயர் கொன்ஸ்ரன்ரைன், ஊரெல்லாம் அம்மாவோடு ஏறி இறங்கினார். தன் ஒரே தம்பி வின்சனின் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. "சொந்தத் தம்பிக்கு என்னத்தைப் போய்ச் சொல்லுறது? அவன்ர வீட்டுக் கலியாணம்தானே இது" என்றார். பெயர் அடித்த கார்ட்டைப் பார்க்கட்டும் என்று ஒன்றை மட்டும் கலிஸ்ரா மாமியிடம் கொடுத்து அனுப்பினார்.

சித்தப்பா வரவில்லை. "ஊருக்கெல்லாம் தெரிஞ்ச படலை, என்ர படலை மட்டும் அண்ணைக்குத் தெரியேல்லையோ?" என்று கேட்டாராம். கோயிலில் முதல் வரிசை வாங்கில் அவருக்கு விட்டிருந்த இடம் பூசை முடியும்வரை வெறுமையாகவே கிடந்தது. அன்றோடு அண்ணனும் தம்பியும் கதை இல்லை. நெருக்கத்தால் செய்த பிழை என்று அப்பா ஒருநாளும் போய்ச் சொல்லவில்லை. நெருக்கத்தால் வந்த கோபம்தான் என்று சித்தப்பாவும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வீட்டுக்கும் இடையில் முந்நூறு மீற்றர் கூட வராது.

அந்தக் கார்ட்டைத் தன் கையால் கொண்டுபோனதை மாமி தன்னுடைய பிழையாகவே எடுத்துக்கொண்டார். அதனால் மற்ற வீடுகளைவிட எங்கள் இரண்டு வீட்டுக்கும் கூடுதலாக ஓடினார். எப்படி ஓடினார் என்பதை நான் பத்தாவது வருடம்தான் கண்டுபிடித்தேன். சித்தப்பாவின் மகள் யதுர்ஷிகாவும் நானும் எங்கள் தகப்பன்மாருக்குத் தெரியாமல் வட்ஸ்அப்பில் கதைப்போம். ஒருநாள் அவள் குரல் பதிந்து அனுப்பினாள்: "அக்கா, பெரியப்பான்ர முழங்கால் இப்ப எப்பிடி?"

அப்பாவுக்கு முழங்காலில் ஒன்றும் இல்லை. விசாரித்தால் கதை இப்படி: "என்ர மீன் வாடிக்கு முன்னால வள்ளத்தை இழுத்து விட்டா வெட்டிக் கொத்துவனெண்டு அந்த எருமைக்குச் சொல்லு" என்று அப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். அது சித்தப்பாவிடம் போய்ச் சேரும்போது, "பெரியண்ணைக்கு முழங்கால் ஏலாதாம், சுத்திப்போகக் கஷ்டமாம், வள்ளத்தைக் கொஞ்சம் தள்ளி விட்டா உதவியாம்" என்று ஆகியிருக்கிறது. சித்தப்பா அன்று பின்னேரமே வள்ளத்தைத் தள்ளி விட்டிருக்கிறார். "அவரிட்டை உத்தரவு கேட்டோ நான் தொழில் செய்யிறது?" என்று அவர் திருப்பி அனுப்பியது எங்கள் வீட்டுக்கு "ஓம் எண்டு சொல்லச் சொன்னவர்" என்று வந்தது. அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "இப்பதான் அவனுக்குப் புத்தி வந்திருக்கு" என்றது எனக்கே ஞாபகம் இருக்கிறது.

யதுர்ஷிகா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இரண்டு பேரும் சொன்னது சொன்னபடி போய்ச் சேர்ந்திருந்தால் ஒருநாள் கரையில் வைத்துச் சட்டையைப் பிடித்து இழுத்துச் சண்டை பிடித்து, அடுத்த கிழமை சேர்ந்திருப்பார்கள். இந்த மனுசி நடுவில் நின்று எண்ணெய் விட்டு எண்ணெய் விட்டு, கோபம் உரசாமல் பத்து வருடம் ஓட வழி செய்திருக்கிறார். அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கும் அதில் பாதி சரியென்றே நினைக்கிறேன்.

அடுத்த நாள் மாமி மீன் பெட்டியோடு கடையடியால் போகும்போது மறித்துக் கேட்டேன். ஆட்கள் நின்றார்கள். அதையும் பார்க்கவில்லை.

"உங்களை ஆர் மாத்திச் சொல்லச் சொன்னது? சொல்லிவிடுறதை அப்பிடியே கொண்டுபோய்ச் சொல்லுறதுதானே உங்கட வேலை?"

மாமி சைக்கிளை விட்டு இறங்கினார். "கடலில பிடிச்ச மீனை அப்பிடியே தூக்கிக் குடுத்தா முள்ளியவளையில ஆர் பிள்ளை வாங்குவினம்? செதில் எடுத்து, குடல் கழுவித்தானே குடுக்கிறன்."

"இது மீனில்லை. நீங்கள் செய்யிறதுக்குப் பேர் பொய்."

கொப்பி எடுக்க நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். மாமியின் முகம் சுருங்கியது. இனிமேல் அப்படிச் செய்ய மாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் பண்ணச் சொன்னேன். முப்பத்திநாலு வயதில் ஐம்பத்திரண்டு வயது மனுசியிடம் நடு வீதியில் சத்தியம் கேட்டேன். "சரி பிள்ளை, இனிச் சொன்னதைச் சொன்னபடி சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அன்று ஏறி மிதிக்கவில்லை.

நாலு மாதம் கழித்து அப்பாவுக்கு ஈரலில் வருத்தம் என்று தெரிந்தது. தெரிந்தபோதே முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பாதர் வந்து நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு அடுத்த நாள் திங்கட்கிழமை. காலையில் அம்மா கட்டிலடியில் இருந்து கேட்டார்.

"இஞ்சருங்கோ, வின்சனுக்குச் சொல்லிவிடட்டோ?"

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. நித்திரை என்று நினைத்தோம். பிறகு சொன்னார்: "அவனுக்கு ஆயிரம் அலுவல் இருக்கும். வந்து மினக்கெடத் தேவையில்லை எண்டு சொல்லிவிடு."

கலிஸ்ரா மாமி அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுவந்து குசினி வாசலில் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது. வெளியே வந்து செருப்பைப் போட்டவர், படலையடியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பிடியே சொல்லட்டோ பிள்ளை?"

அவர் என்னிடம் கேட்டது என்ன என்று இன்று எனக்கு நன்றாக விளங்குகிறது. அன்றைக்கு நான் நித்திரை கொண்டு மூன்று இரவாகியிருந்தது. சித்தப்பா மேல் கோபம். ஊரெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிறது, இந்த மனுசனுக்கு யார் வெற்றிலை வைத்துக் கூப்பிட வேண்டும் என்று கோபம். எல்லாவற்றையும் சேர்த்து மாமியின் தலையில் கொட்டினேன்.

"சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்கோ" என்றேன்.

அவர் போய் அப்படியே சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சத்தியம் பண்ணியவர் அல்லவா.

அன்று மத்தியானம் அப்பா கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். வெளிச்சம் வேண்டுமாம். துசியந்தனும் நானும், துசியந்தன் என் கணவர், கட்டிலைத் தூக்கித் திருப்பினோம். திருப்பிய பிறகு பார்த்தால் கதவுக்குள்ளால் படலை நேரே தெரிந்தது. வள்ளங்கள் வந்துவிட்டனவா என்று கேட்டார். வந்துவிட்டன என்றோம். செவ்வாய்க்கிழமையும் அதையே கேட்டார். படலைக் கொழுக்கி சத்தம் போட்டால் தலையைத் தூக்கப் பார்ப்பார். வந்தது யாரென்று கண்டதும் தலையைப் போட்டுவிடுவார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வர வேண்டாம் என்று நினைக்கிறவர் ஏன் சொல்லிவிட வேண்டும்? பேசாமல் இருந்திருக்கலாமே. பத்து வருடம் ஏச மட்டும் திறந்த வாய் தம்பியின் பெயருக்கு ஏச்சில்லாமல் திறந்ததே, அதுதான் செய்தி. அம்மாவுக்கு அது விளங்கியிருந்தது, அதனால்தான் ஆறுதலாக இருந்தார். கலிஸ்ரா மாமிக்கும் விளங்கியிருந்தது. விளங்காதவள் நான் ஒருத்திதான், முடிவு சொன்னவளும் நான்தான்.

விளங்கிய உடனே எழும்பி ஓடியிருக்க வேண்டும். முந்நூறு மீற்றர். நான் என்ன செய்தேன் தெரியுமா? யதுர்ஷிகாவுக்கு வட்ஸ்அப்பில், அப்பாவுக்குக் கடுமை, சித்தப்பாவிடம் சொல்லு என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. கும்பிடுகிற கை ஒன்று வந்தது. அவள் தகப்பனிடம் சொன்னாளாம். "வரத் தேவையில்லையெண்டு ஆள் விட்டுச் சொன்னவரிட்டை நான் என்னெண்டு போறது?" என்று அவர் கேட்டாராம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. திங்கட்கிழமை காலை மாமி போனபோது அவர் முகம் வழித்து, கோயிலுக்குப் போடும் சேட்டைப் போட்டுக்கொண்டு, கூப்பிட வருவார்கள் என்று கதிரையில் இருந்தாராம். மாமி சொல்லி முடித்ததும் உள்ளே போய்ச் சேட்டைக் கழற்றி அலுமாரியில் கொழுவிவிட்டு வந்தாராம்.

வியாழக்கிழமை காலை பத்து மணிபோல் அப்பா போய்விட்டார். முகம் படலைப் பக்கமே இருந்தது. அம்மாதான் திருப்பி நேராக வைத்தார்.

கோயிலில் துக்க மணி அடிப்பதற்கு முதல் சித்தப்பாவுக்கு நேரில் சொல்லிவிட வேண்டும் என்று அம்மா அழுகைக்குள்ளும் சொன்னார். இந்த முறை கார்ட் அனுப்புகிற பிழை நடக்கக் கூடாது. நான் போனேன். மாமி என் பின்னால் வந்தார். சித்தப்பா முற்றத்து வேம்பின் கீழ் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பத்து வருடத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு ஆள் ஒன்று அந்தப் படலையைத் திறந்து போனது.

"சித்தப்பா, அப்பா மோசம் போயிட்டார்."

அவர் எழும்பவில்லை. கையிலிருந்த ஊசி வலையில் நின்றது. பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார். "திங்கட்கிழமை அண்ணை உண்மையா அப்பிடித்தான் சொன்னவரோ? வரத் தேவையில்லையெண்டு?"

ஓம் என்றால் அவர் அதைச் சாகும்வரை சுமக்க வேண்டும். இல்லை என்றால், பிறகு ஏன் அப்படிச் சொல்லி அனுப்பினாய் என்ற கேள்வி வரும். நான் வாயைத் திறக்கவில்லை. பயம்.

பின்னாலிருந்து கலிஸ்ரா மாமியின் குரல் கேட்டது.

"இல்லை வின்சன் அண்ணை. தம்பியைக் கூட்டிக்கொண்டு வா எண்டுதான் பெரியண்ணை சொன்னவர். நான்தான் மாத்திச் சொல்லிப்போட்டன்."

சித்தப்பா இப்போது எழும்பினார். "ஏன்?"

"போன மாரிக்கு உங்கட வீட்டில எனக்கு மீன் தரேல்லை. அந்த மனத்தாங்கல்."

அப்படி ஒன்று நடந்திருக்கலாம், யார் கண்டது. அதை இத்தனை நாள் மனதில் வைத்திருக்கும் ஆள் மாமி இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். சித்தப்பா கையை ஓங்கவில்லை. படலையைக் காட்டினார். "இனி இந்தப் படலைக்குள்ள நீ காலடி வைக்கப்படாது" என்றார். மாமி ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போனார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அந்தத் தொந்தரவை அவர் எனக்குத் தரவில்லை.

சித்தப்பா வெறும் மேலோடு எங்கள் வீட்டுக்கு ஓடினார். "என்னைக் கூப்பிட்டனீங்களாமே அண்ணை, கூப்பிட்டனீங்களாமே" என்று அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். சவப்பெட்டியை முன்னுக்குத் தோள் கொடுத்துச் சேமக்காலைவரை அவர்தான் தூக்கினார். இன்றைக்கும் கிழமைக்கு ஒருதரம் அம்மாவுக்கு மீன் கொண்டுவந்து, அண்ணை கடைசியில் என்னைத்தான் தேடினவர் என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்கிறார். அது முழு உண்மை. பொய் சொல்லித்தான் மாமி அப்பாவின் செய்தியைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மூன்று நாள் பிந்திப் போனதற்குக் காரணம் நான்.

ஊர் மாமியை விடவில்லை. சாகக் கிடந்தவரின் சொல்லை மாற்றியவள் என்று சித்தப்பாவின் கூட்டாளிகள் அவருக்கு மீன் விற்பதை நிறுத்தினார்கள். யாரும் அவரிடம் சொல் கொடுத்து அனுப்புவதில்லை. இரண்டு மாதம் வேறு கரைக்குப் போய் வாங்கிப் பார்த்தார், செலவுக்குக் கட்டவில்லை. இப்போது நண்டுச் சதை எடுக்கும் ஒரு கொட்டகையில் வேலை. காலை தொடக்கம் பின்னேரம்வரை வாயை மூடி முகக்கவசம் போட்டிருக்க வேண்டும். அவருக்கு அது வசதியாக இருக்கிறதாம். யாரோ சொன்னார்கள்.

சித்தப்பாவிடம் போய் உண்மையைச் சொல்லலாம். அண்ணன் கூப்பிட்ட விதம் வேறு, ஆனால் கூப்பிட்டார் என்று விளங்கப்படுத்தலாம். அவருக்கு விளங்கும். அதற்குப் பிறகு, அப்படியே போய்ச் சொல் என்றது யார் என்று கேட்பார். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய அவரிடம் போய் நிற்கிறேன். ரீலோட் போடவோ சித்தப்பா என்று கேட்டுவிட்டு வருகிறேன்.

என் மகளுக்கு முதல் நன்மை, முதன்முதல் நற்கருணை வாங்கும் நாள். ஊரெல்லாம் துசியந்தனும் நானும் சோடியாகப் போய்ச் சொன்னோம். சித்தப்பா வீட்டுக்குத்தான் முதல் போனோம். கலிஸ்ரா மாமி வீடு மட்டும் மிஞ்சியது. எனக்குத் தலையிடி என்று சொல்லி, கார்ட்டைத் துசியந்தனிடம் கொடுத்து அனுப்பினேன். அவர் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"என்னவாம்?"

"அவாக்கு அண்டைக்கு ஏதோ அலுவலாம். பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லையாம்."

"அவ்வளவுதானோ?"

"உன்னட்டை மறக்காமல் சொல்லிவிடச் சொன்னவா. ரெண்டு தரம் சொன்னவா."

முதல் நன்மை வருகிற ஞாயிறு. இன்று வெள்ளி. மாமி வேலை முடிந்து வந்துவிட்டார், கடையடியால் போனதைக் கண்டேன். நான் இன்னும் எழும்பவில்லை.